பந்தலுக்கு வர முடியாதவர்கள்

(கோடைக்கால நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கோடை வந்தால் பள்ளிவாசல் முன்பு தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். மோரும் நன்னாரி சர்பத்தும் கொடுக்கிறோம். நல்ல அமல்தான், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் பந்தல் வரை நடந்து வருகிறவருக்குத்தான் அந்தத் தண்ணீர் கிடைக்கிறது. நடக்க முடியாமல் வீட்டில் கிடப்பவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2015 ஜூன் மாதம், ரமலான் பிறந்த நேரத்தில், கராச்சியில் கடற்காற்று நின்றுபோனது. வெப்பம் 44 டிகிரியைத் தாண்டியது. மின்வெட்டும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. சில நாட்களில் 1,200-க்கும் மேற்பட்டோர் மவுத்தானார்கள். அப்துல் சத்தார் ஈதி நிறுவிய அறக்கட்டளையின் பிணவறையில் மையித்துகளை வைக்க இடம் போதவில்லை. இறந்தவர்களில் பலர் முதியவர்கள், கூலித் தொழிலாளர்கள், வீடற்றவர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடலாம் என்று மார்க்க அறிஞர்களே அப்போது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால் கூக்குரல் கேட்டு ஓடுகிறோம். வெப்பம் ஓசையில்லாமல் கொல்கிறது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, உடல் சூடு தணியாது. தகரக் கூரை பகலெல்லாம் அனலாகக் கொதிக்கும். உள்ளே மயங்கிக் கிடப்பவரை, தூங்குகிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் விட்டுவிடுவார்கள்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தின்போது வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன்பின் 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முன்கூட்டியே மக்களை எச்சரிப்பதும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் முக்கியப் பணிகள். நம் தமிழக அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணம் வாங்கும் நிலை எந்த வீட்டுக்கும் வராமல் பார்ப்பது நம் கடமை.

பந்தலுக்கு நன்கொடை கேட்டால் உடனே வருகிறது. வீடு வீடாகப் போக ஆள் கேட்டால் கைகள் தயங்குகின்றன. எனவே இன்று நான் பணம் கேட்கவில்லை. தெருவுக்கு இரண்டு பேரைக் கேட்கிறேன், ஓர் இளைஞர், ஒரு பெண்மணி. தனியாக வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள தகரக் கூரை வீடுகள் ஆகியவற்றைப் பட்டியல் எடுங்கள். வெயில் கடுமையான நாட்களில் காலையில் ஒரு முறை, அஸருக்குப் பின் ஒரு முறை கதவைத் தட்டுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். அண்டை வீட்டார் உரிமை எல்லோருக்கும் உண்டு.

உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்று இஷா தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நம் முதியவர்களைப் பாதுகாக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! வஸ்ஸலாம்.