ஆங்கிலத்தில் 'வேண்டும்'

தமிழில் 'செல்ல வேண்டும்' என்னும் ஒரே தொடர் சட்டத்தின் ஆணையையும், சூழ்நிலையின் நெருக்கடியையும், பெரியவரின் அறிவுரையையும் ஒருங்கே தாங்கி நிற்க, ஆங்கிலம் அவற்றுக்கு வெவ்வேறு துணைவினைகளைக் கையாள்கிறது. துணைவினை என்பது முதன்மை வினையோடு சேர்ந்து, அச்செயல் கட்டாயமா, இயல்வதா, அனுமதிக்கப்பட்டதா என்பதை உணர்த்தும் சொல்.

பேசுபவரே விதிக்கும் கட்டாயத்துக்கு 'மஸ்ட்', புறத்திலிருந்து வரும் கட்டாயத்துக்கு 'ஹேவ் டு', அறிவுரைக்கு 'ஷுட்' என்று இலக்கண நூல்கள் பொதுவாகப் பகுத்துக் கூறும். முதலிரண்டுக்கும் இடையிலான எல்லை அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் மங்கிவிடுவதால், அது குறித்து மாணவர் பெரிதும் கலங்க வேண்டியதில்லை. 'மஸ்ட்', 'ஷுட்' இடையிலான எல்லையோ சட்டத்துக்கே அடிப்படையாகிறது. 1931இல் முதன்முதலில் வெளியான பிரிட்டனின் சாலை விதிநூலாகிய 'ஹைவே கோட்', சட்டக் கட்டாயமுள்ள விதிகளில் 'மஸ்ட்' என்பதைப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டுக் காட்டுகிறது. மிதிவண்டி ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவதைப் பற்றி அந்நூல் 'ஷுட்' என்கிறது. இரவில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிவதைப் பற்றி 'மஸ்ட்' என்கிறது. ஆகவே விளக்கின்றிச் செல்வது குற்றம், கவசமின்றிச் செல்வது குற்றமன்று.

பழைய ஆங்கிலத்தில் அனுமதியைக் குறித்த ஒரு வினையின் இறந்தகால வடிவமே 'மஸ்ட்'. அது பின்னர் நிகழ்காலப் பொருளுக்கு வந்துவிட்டதால், 'நேற்றுச் செல்ல வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஹேட் டு' என்னும் வடிவமே உதவுகிறது.

எனினும் உண்மையான இடர் எதிர்மறையில்தான் உள்ளது. உடன்பாட்டில் நெருங்கி நிற்கும் 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் எதிர்மறையில் நேர் எதிர்த்திசைகளில் பிரிந்துவிடுகின்றன: 'மஸ்ட் நாட்' செயலையே தடுக்க, 'டோன்ட் ஹேவ் டு' கட்டாயத்தை மட்டும் நீக்குகிறது. ஒரு மாத்திரையை உணவுக்குப் பின் உண்ண வேண்டியதில்லை என்று எழுத எண்ணியவர் 'மஸ்ட் நாட்' என்று எழுதிவிட்டால், உணவுக்குப் பின் உண்ணவே கூடாது என்றுதான் நோயாளி கொள்வார். வியப்பு என்னவெனில், ஆங்கிலத்தில் தடுமாற வைக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழ் 'கூடாது' என்றும் 'வேண்டியதில்லை' என்றும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே ஆங்கிலத்தில் எதிர்மறை எழுதும் நேயர்கள், சொல்ல வந்தது 'கூடாது' என்பதா, 'வேண்டியதில்லை' என்பதா என்று முதலில் தமிழிலேயே கேட்டுக்கொண்டு எழுதுவார்களாக.