பொதுச் சேதம்: ஒரு கடல்வணிகச் சொல்

கடல்வணிகத்தில் ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்றொரு சொல் வழங்குகிறது. அதற்குச் சராசரி எனப் பொருள் கொள்வது பிழை. ஆவரேஜ் என்பது ஈண்டுச் சேதத்தைக் குறிக்கும். ஆதலின் ‘பொதுச் சேதம்’ எனலாம்.

புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சில சரக்குகளைக் கடலில் எறிய நேர்ந்தால், அவ்விழப்பை அச்சரக்குக்கு உரியவர் மட்டும் சுமப்பதில்லை. கப்பலுக்கு உரியவரும், காக்கப்பட்ட சரக்குகளுக்கு உரியோரும் தத்தம் உடைமையின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வர். ரோட்ஸ் தீவின் கடற்சட்டமென ரோமானியர் ஏற்றுக்கொண்ட இந்நெறி, இன்று யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகளின்வழி நடைமுறையில் உள்ளது. கப்பலை மீட்கும் செலவும் இதனுள் அடங்கும்.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டி, ஆறு நாட்கள் வழியை அடைத்தது. மீட்கப்பட்டபின் அதன் உரிமையாளர் பொதுச் சேதம் அறிவித்தார். தம் சரக்குக்குச் சிறு பழுதும் நேராதவரும் பங்குத்தொகைக்குப் பிணை தரவேண்டியவராயினர். இத்தகைய நிலையில், காப்பீடு செய்தவர்க்காகக் காப்பீட்டு நிறுவனம் உறுதிப்பத்திரம் அளிக்கும்; செய்யாதவர் வைப்புத்தொகையைத் தாமே கட்டிய பின்னரே சரக்கைப் பெற இயலும்.

ஆதலின் ஒரே ஒரு பெட்டி அனுப்பும் சிறு வணிகரும் இச்சொல்லின் பொருளறிந்து, சரக்கு கப்பலேறுமுன் காப்பீடு செய்துகொள்ளுதல் வேண்டும்.