கரன்ட் போனா ரவுட்டர் எதை மறக்கும்?

சிவகாசியில ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவாங்க. அப்புறம் ஆர்டர் குவியும். அந்த நேரம் பார்த்து ஒரு பிரஸ்ல சிஸ்கோ ரவுட்டர் மாட்டப் போனேன். கன்சோல் கேபிளைச் செருகி, 'எனேபிள்', 'கான்ஃபிகர் டெர்மினல்' அடிச்சு, ஐபி முகவரி கொடுத்ததும் நெட் வந்துருச்சு. டீ குடிக்கப் போனேன். கரன்ட் போச்சு, யுபிஎஸ் லைன் இன்னும் இழுக்கலை. திரும்பி வந்தா, ரவுட்டர் புதுசா வாங்குன மாதிரி 'இனிஷியல் கான்ஃபிகரேஷன் பண்ணலாமா?'ன்னு கேக்குது!

பவர் வந்ததும் ரோம் சிப்ல இருக்குற சின்ன புரோகிராம் முதல்ல ஹார்டுவேரைச் சோதிக்கும். அடுத்து ஃபிளாஷ்ல இருந்து ஐஓஎஸ் ரேமுக்கு ஏறும். ஐபோன் ஐஓஎஸ் இல்லைங்க, இது சிஸ்கோவோடது. கடைசியா, என்விரேம்ல இருக்குற ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கைப் படிக்கும். நாம அடிக்கிற கமாண்ட் உடனே வேலை செய்யும். ஆனா அது ரேம்ல, ரன்னிங் கான்ஃபிக்லதான் இருக்கும். கரன்ட் போனா அதுவும் போயிடும். என்விரேம்ல எழுதுனது அப்படியே நிக்கும்.

நான் அடிக்காம விட்டது ஒரே வரி: 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்'.

டிசைன் ஃபைலுக்குக் காத்திருந்த மெஷின்காரர், "என்ன தம்பி, மறுபடியும் முதல்ல இருந்தா?"ன்னார். ஆமாண்ணேன்னேன். இந்தத் தடவை கேபிளைக் கழட்டுறதுக்கு முன்னாடி 'ஷோ ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்துச்சு.