கடைத்தெருவைக் காட்டுங்கள்

(மேல்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்த மாணவர்களுக்காக நமது பள்ளிவாசலில் நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பாராட்டுரைகள் பல கேட்டீர்கள். நான் சொல்லவிருப்பவை சற்றுக் கசப்பானவை. எனினும் இன்று சொல்லாவிடில் பின்னர் சொல்லிப் பயனில்லை.

முதலாவது, உழைப்பில் இழிவில்லை. மக்காவில் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையுடன் மதீனா வந்தார்கள். அன்சாரித் தோழர் சஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கேயென்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். பட்டம் பெற்றவன் கடையில் நிற்பதா என்று கூச்சப்படும் இளைஞரே, அந்த ஸஹாபியை நினைத்துப் பாருங்கள். தேர்வில் தவறியவரும் மனமுடைய வேண்டாம். அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. வீட்டில் முடங்குவதே உண்மையான தோல்வி.

இரண்டாவது, உங்கள் கையெழுத்துக்கு இனி விலை உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது! கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்காமல் ஒதுங்கிய நாயகம் (ஸல்) அவர்கள், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். ஆகவே நண்பன் கேட்டான் என்பதற்காக ஜாமீன் கையெழுத்திடாதீர்கள். சிறு தொகைக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் பிறரிடம் ஒப்படைக்காதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியே சென்றால் காவல்துறை முதலில் தேடி வருவது உங்கள் வாசலுக்கே.

மூன்றாவது, வெளிநாட்டு ஆசை. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பெரிவது வெளிநாட்டு ஊதியத்தால்தான். அதை நான் குறை கூறவில்லை. ஆயினும், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழக இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில்தான் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்களும் வேலை தேடிச் சென்ற பிள்ளைகளே! முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் உம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இடறி விழுந்தால் அதை முதலில் உங்களிடம் சொல்லும் துணிவு அவனுக்கு இருக்க வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைத்த சிறு கடனே வட்டிக்காரனிடம் பெருங்கடனாக வளர்கிறது. ஜமாஅத்தார்களே, கையெழுத்திடுமுன் காகிதத்தைக் கொண்டுவரும் பிள்ளைக்கு அதைப் படித்து விளக்கிச் சொல்ல, கற்றறிந்த இருவரை நாம் நியமித்தால் என்ன? ஜும்ஆவுக்குப் பின் அரைமணி நேரம் போதுமே!

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஜ்க்கையும், நன்மை தீமையைப் பிரித்தறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.