தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கதாநாயகன்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பலாங்கொடையைக் கடந்து மலையேறி ஹல்துமுல்லையை அடைகிறது. வடக்கே அப்புத்தளை மலைத்தொடர் மதில்போல் நிமிர்ந்து நிற்கும். தெற்கே பார்வை தடையின்றிச் சமவெளியில் இறங்கும். சரிவெங்கும் தேயிலை, தேயிலையின் நடுவே வரிசை வரிசையாக லயங்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, வெயிலிலும் பனியிலும் கொழுந்தெடுத்து, மாலையில் அதை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மக்களின் வாழ்க்கை இது. இத்தகையதொரு தோட்டத் தொழிலாளியின் வேடத்தில்தான் தமிழ்த் திரையுலகின் பெருநடிகர் ஒருவர் முதன்முதலாக மக்கள் முன் தோன்றினார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. அவர் எம். கே. ராதா. படம், 1936ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதி லீலாவதி’.

ராதா 1910ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். தந்தையார் எம். கந்தசாமி முதலியார், புகழ்பெற்ற நாடக ஆசிரியர். புராணக் கதைகளே மேடையை ஆண்ட காலத்தில் ‘மேனகா’ போன்ற சமூக நாவல்களை நாடகமாக்கி, பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தவர் அவர். அந்தக் கம்பெனிகள் சிறுவர்களுக்கு வீடும் அவையே, பள்ளியும் அவையே. பாட்டு, வசனம், வாள் வீச்சு, ஆட்டம் ஆகிய அனைத்தையும் அங்கே கற்கவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் சொல் தெளிவாக எட்டவேண்டும். இந்தக் கடுமையான பயிற்சியிலே, ஆசிரியரும் தந்தையும் ஒருவரேயாக அமைய வளர்ந்தவர் ராதா.

‘சதி லீலாவதி’யின் கதை ‘ஆனந்த விகடனி’ல் தொடராக எஸ். எஸ். வாசன் எழுதியது. அதற்கு மூலம், திருமதி ஹென்றி உட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1860இல் வெளியிட்ட ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் மதுவிலக்கு நாவல். ‘பதிபக்தி’ என்ற வேறொரு கதையும் இதே போக்கில் அமைந்திருந்தமையால் வழக்கு எழுந்தது; இரண்டுக்கும் மூலம் அந்த ஆங்கில நூலே என்று தெரிந்த பின்னரே பூசல் ஓய்ந்தது. இங்கிலாந்தின் குடும்பமொன்றைக் குடி கெடுத்த கதை, தமிழ் உடை உடுத்திச் சென்னைக்கு வந்தது; சென்னையிலிருந்து இலங்கைக்கும் கடல் கடந்தது.

கதாநாயகன் கிருஷ்ணமூர்த்தி செல்வந்தன். தீய நட்பினால் குடிக்கும் காமத்துக்கும் அடிமையாகிறான். போதையிலே நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். அங்கே புதையல் நிறைந்த பெட்டியொன்று கிடைக்கிறது. அதை நேர்மையாக முதலாளியிடம் ஒப்படைக்கிறான். அவரோ மனமகிழ்ந்து அவனைத் தம் மகனாகவே ஏற்கிறார். சென்னையிலோ மனைவி லீலாவதி இராட்டையில் நூல் நூற்று வறுமையோடு போராடுகிறாள்.

படத்தை இயக்கியவர் தமிழே அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். அவருக்கு இதுவே முதல் தமிழ்ப் படம். எம். ஜி. இராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோருக்கும் இதுவே முதல் படம். இங்கே ஒரு விந்தை உண்டு. இலங்கை மலைநாட்டிலே பிறந்த இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது காவல்துறை அதிகாரி வேடம். மயிலாப்பூரில் பிறந்த ராதாவோ மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி ஆனார்.

அந்த வேடம் எவ்வளவு பொருத்தமானது? கடன்பட்டவனும், ஊரைவிட்டு ஓடியவனும், பசித்தவனும் இலங்கைக்குக் கப்பலேறியது அந்நாளைய தமிழகத்தில் அன்றாட நிகழ்ச்சி. மண்டபம் முகாமில் தங்கி, தலைமன்னாரில் இறங்கித் தோட்டம் சேர்ந்தவர் பல்லாயிரவர். தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்தில் இன்றும் வழங்கும் பழங்கதை. திரைப்படத்தின் புதையல் பெட்டியும் அந்த ஆசை வார்த்தையின் இன்னொரு வடிவமே அல்லவா? தூரைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது மண்ணும் அட்டையுமே. மகனாக ஏற்ற முதலாளியையும் அவர்கள் கண்டதில்லை.

மற்றுமொரு வேற்றுமையும் உண்டு. குடியால் கெட்டவன் தோட்டத்துக்கு வந்து உழைத்துத் திருந்துவதாகக் கதை சொல்கிறது. உண்மைத் தோட்டத்திலோ உழைத்தவனைத் தவறணை காத்திருந்தது. சம்பள நாளன்று வீடு சேரவேண்டிய பணம் வழியிலேயே கரைந்தது. வெறுங்கையைப் பார்த்து நின்றவள் கொழுந்தெடுத்த மனைவி. லீலாவதியின் கண்ணீர் சென்னைக்கு மட்டும் உரியதன்று; ஒவ்வொரு லயத்திலும் அவள் இருந்தாள். திரையிலே அவளுக்குத் திருந்திய கணவன் திரும்பி வந்தான். லயத்து லீலாவதிக்கு அந்த முடிவை எழுத எந்த வாசனும் இருக்கவில்லை.

ராதாவின் கலைவாழ்வு அதன்பின் வேறு திசையில் உயர்ந்தது. வாசனின் ஜெமினி நிறுவனம் 1948இல் வெளியிட்ட ‘சந்திரலேகா’வில் அவர் வீரசிம்மன் என்ற அரசிளங்குமரன், தம்பி சசாங்கனாக ரஞ்சன், நாயகியாக டி. ஆர். ராஜகுமாரி. பெரும் முரசுகளின் மீது நிகழும் நடனமும், இறுதியிலே அண்ணன் தம்பியர் புரியும் நீண்ட வாட்போரும் நாடெங்கும் பேசப்பட்டன. பாய்ஸ் கம்பெனியில் கற்ற வாள் வீச்சு அன்று பயன்பட்டது. மறு ஆண்டு ‘அபூர்வ சகோதரர்க’ளில் இரட்டையராக இரு வேடம் தாங்கினார். பிரெஞ்சு ஆசிரியர் டூமாவின் கதையைத் தழுவிய அப்படத்தில், ஒருவன் படும் வேதனையை மற்றவன் தன் உடலில் உணர்வான். அதே கதையை 1971இல் ‘நீரும் நெருப்பும்’ என்ற பெயரில் நடித்தவர், ராதாவின் முதல் படத்தில் சிறு வேடம் பூண்ட அந்த இராமச்சந்திரனே.

வீரசிம்மன் திரையிலே அரசுரிமையை மீட்ட அதே 1948ஆம் ஆண்டில்தான், இலங்கையின் புதிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கதாநாயகன் தொழிலாளி வேடத்தைக் கலைத்துவிட்டு அரசனாகலாம். தொழிலாளிக்கோ தன் வாழ்க்கையைக் கலைத்துவிட்டு வேறொன்றை உடுத்த வழியில்லை. அவன் இழந்த உரிமை முழுமையாகத் திரும்ப அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

காலம் மாறியபோது ராதா கதாநாயக வேடத்தை இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்து, முதியவர் வேடங்களை ஏற்றார். 1973இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1985இல் மறைந்தார்.

அவரை ‘சந்திரலேகா’வின் வீரனாகவே உலகம் நினைவுகூர்கிறது. ஹல்துமுல்லையின் மக்கள் அவரை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்கலாம். தேவரும் அரசரும் திரையை நிறைத்திருந்த காலத்தில், தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவனும் ஒரு கதைக்கு நாயகனாகலாம் என்பதை அவர் நடித்துக் காட்டினார். அந்தக் கதை சொன்ன தோட்டம் உண்மைத் தோட்டமன்று. ஆயினும், அங்கே ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கும் நேர்மை உண்டு, அவனுக்காக ஒரு வீடு காத்திருக்கிறது என்று அது சொன்னது. எஞ்சிய உண்மையைச் சொல்லவேண்டிய பொறுப்பு, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து மேடையேறும் கலைஞர்களுடையது.