வரப்பு நம் கையில்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது, வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பளங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் கண் கூசும், கால் சுடும்.

உப்பு விளைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. உப்புநீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கும். அதன் பிறகு மிஞ்சுவது கசப்பு நீர். மக்னீசியம் மிகுந்த நீர். அதை உரிய நேரத்தில் வரப்பைத் திறந்து வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உப்பும் கசக்கும், சீக்கிரம் நீர்த்தும் போகும்.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சு பாத்தியிடம் செல்லாது. வெயில் நம் கையில் இல்லை. மழை நம் கையில் இல்லை. வரப்பு நம் கையில். நேரம் நம் கையில்.

வீட்டிலும் அப்படித்தான். கரண்ட் பில்லைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறோம். அன்றைக்கு வரிசை நீளமாக இருந்தால் கூட்டத்தைக் குறை சொல்கிறோம். முந்தின வாரமெல்லாம் நம் கையில்தானே இருந்தது?

இன்று ஒன்று செய்யுங்கள். படுக்கும் முன், நாளைய வேலை ஒன்றே ஒன்றைக் காலண்டர் தாளில் எழுதுங்கள். மறுநாள் இரவு நீங்களே பாருங்கள். முடிந்ததா? ஒரு டிக். முடியவில்லையா? அதில் நம் பங்கு என்ன என்று எழுதுங்கள். அடுத்தவர் பெயர் வேண்டாம்.

கசப்பை அன்றன்றே வடித்துவிடுவோம். வரப்பு நம் கையில். நேரம் நம் கையில்.