குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகும் முன்



குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகும்போது நாம் முதலில் தேடுவது ‘ஹலால்’ பலகை. தேட வேண்டியதுதான். ஆனால் அதைப் பார்த்ததுமே மற்ற கேள்விகளை விட்டுவிடுகிறோம். திருக்குர்ஆன் 2:168 வசனத்தில் ஹலாலோடு தய்யிபும் சேர்ந்தே வருகிறது. பிஸ்மி சொல்லி அறுத்த கோழியானாலும், வேகாமல் தட்டுக்கு வந்தால் பிள்ளைக்குக் கேடுதான்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்துபோனார். அதே கடையில் வாங்கிச் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கம்பியில் சுற்றும் கறி மேலே வெந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கூட்டம் கூடினால் வேகும் முன்பே சீவிவிடுவார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. நம் பிள்ளைகள் அதைத்தான் இன்னொரு கிண்ணம் கேட்கிறார்கள்!

ஆகவே உட்காரும் முன் கல்லாப் பக்கம் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண்ணோடு மாட்டியிருக்க வேண்டும். கறி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தது என்று கேளுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? பெண்கள் நிம்மதியாக உட்கார இடம், மஃரிப் தவறாமலிருக்கப் பக்கத்தில் பள்ளிவாசல், இவற்றை நம் வீட்டார் சொல்லாமலே பார்த்துக்கொள்வார்கள். ஏ.சி., விளக்கு அலங்காரமெல்லாம் பிறகு.

கேட்டால் முகம் சுளிக்கிற கடையா? எழுந்து வந்துவிடலாம். தண்ணீர் வைத்துவிட்டார்களே என்று கூச்சப்பட வேண்டாம்.